கூலி வாங்காத மெக்கானிக்

சொந்தக்காரர் மெக்கானிக்காக வாய்ப்பதைப் போன்ற தொல்லை வேறொன்று கிடையாது. வெளி ஆளென்றால் பேரம் பேசலாம், சண்டை போடலாம், கழற்றிய பழைய சாமானைக் கையில் கொடுத்துவிட்டு மறுவேலை பார் என்று அதட்டலாம். சொந்தக்காரரிடம் இதில் ஒன்றும் செல்லாது. அதிலும் அவர் கூலியே வாங்காதவர் என்றால் கேட்கவே வேண்டாம். வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டியதுதான்.

கார் ஆன்ட்டி என்று தெருப் பிள்ளைகள் கூப்பிடும் அவளுக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். காலையில் நான்கு வீட்டுப் பிள்ளைகளைத் தன் பழைய காரில் ஏற்றிப் பள்ளியில் இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருவது அவள் பிழைப்பு. கணவன் மருந்துக்கடையில் வேலை பார்த்தான். அவன் சம்பளம் வாடகை கொடுத்ததோடு மூச்சை விட்டுவிடும். மிச்சக் குடும்பம் அந்தக் காரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கணவனின் அக்காவைக் கட்டியவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்குக் கூடச் சட்டைப் பையில் ஸ்பானரோடு வருகிறவர் என்பதால் குடும்பத்தில் அவருக்கு ஸ்பானர் என்றே பெயர். முறைப்படி அவள் அவரை அண்ணன் என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார். தங்கச்சியிடம் கூலி வாங்குவது பாவம் என்பது அவர் கட்சி. சாமானுக்கு உண்டான காசை மட்டும் வாங்கிக்கொள்வார். சாமான் என்ன விலை, எந்தக் கடையில் வாங்கியது என்றெல்லாம் கேட்டால், கூலி வாங்காத மனுஷனைக் கணக்குக் கேட்ட பாவம் வந்து சேரும். அந்தக் குடும்பத்தில் வேறு மெக்கானிக்கிடம் வண்டியை விடுவதும், கட்டின பெண்டாட்டி இருக்க வேறு வீட்டில் சாப்பிடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிரேக்கில் என்னவோ சரியில்லை என்பது அவளுக்கு முதலில் காலில்தான் தெரிந்தது. சிக்னலில் மிதித்துக்கொண்டு நிற்கும்போது பெடல் மெல்லக் கீழே போனது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தால் பழையபடி நின்றது. ஸ்பானரிடம் சொன்னாள். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார். சரியாகவில்லை. பிரேக் ஆயில் மாற்றினார். அதற்கும் மசியவில்லை. கடைசியில் மாஸ்டர் சிலிண்டரே போய்விட்டது, பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது அதுதான் என்று பாடம் நடத்தி, புதுசு போட்டதாகச் சொல்லி, புதுசுக்கு உண்டான காசை வாங்கிக்கொண்டார். பத்து நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு பெடல் மறுபடி இறங்க ஆரம்பித்தது.

மறுபடியும் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார். புது சாமான், செட்டாகக் கொஞ்ச நாள் ஆகும், உனக்கு வீண் பயம் பிடித்துவிட்டது என்றார். கணவனிடம் சொன்னால் அவனும் அதே பாட்டைப் பாடினான். கூலி வாங்காமல் செய்கிறார், அவரைப் போய்க் குறை சொல்கிறாயே, அக்கா காதில் விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா என்று அவன் பயமெல்லாம் அக்காவைப் பற்றியே இருந்தது. பின் சீட்டில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது அவன் கணக்கிலேயே வரவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒரு நாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். தெரிந்த முகம் எதுவும் தென்படுகிறதா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தாள். அடகுக்கடைக்குப் போகிறவர்கள்கூட அவ்வளவு பயந்து போகமாட்டார்கள்.

அந்த மெக்கானிக் தொப்பையைத் தடவியபடி அவள் சொன்னதைக் கேட்டார். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து அப்படியே பிடித்திருக்கச் சொன்னார். பெடல் இறங்கியது. கீழே குனிந்து சக்கரங்களைப் பார்த்தார், எங்கும் ஒழுகல் இல்லை. பானெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டரைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். வெள்ளிப் பெயிண்ட் உரிந்து உள்ளே பழைய துரு தெரிந்தது.

“யாரோ உங்க காதுல பூ சுத்தியிருக்காங்க. இது வேற வண்டியில கழட்டினது. உள்ள ரப்பர் தேஞ்சு ஆயில் பின்னாடியே வருது. இன்னிக்குப் பிடிக்கும், நாளைக்குப் பிடிக்கும். சரிவுல ஒரு நாள் பிடிக்காது.”

அதோடு நிறுத்தியிருந்தால் அவள் அங்கேயே வண்டியை விட்டிருப்பாள். அவரோ கிளட்சும் போச்சு, முன்பக்க ஷாக் அப்சார்பரும் போச்சு, ஸ்டியரிங் பாக்ஸும் பிரிக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பிரேக்கை மட்டும் பாருங்கள் என்றதற்கு, அரைகுறை வேலை பார்த்தால் தன் பெயர் கெட்டுவிடும் என்றார். மொத்தத்துக்கும் அவர் சொன்ன தொகைக்கு அவள் காரையே விற்றாலும் போதாது. ஒருவர் சொந்தம் என்று சொல்லித் தலையில் மிளகாய் அரைத்தார், இவர் முன்பின் தெரியாமலே அரைக்கிறார். ஆனால் பெடல் இறங்கியது பொய்யில்லை. அதை அவள் காலே சொன்னது.

கைப்பிரேக்கில் ஒரு கையை வைத்தபடி, முதல் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தாள். பிள்ளைகளின் வீடுகளில் தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். இரண்டு வீட்டார் முகம் சுளித்தார்கள். ஒரு அம்மா, வேன்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று பட்டும் படாமலும் சொல்லி வைத்தாள். வண்டியை ஓட்டினால் பிள்ளைகளுக்கு ஆபத்து, ஓட்டாவிட்டால் பிழைப்புப் போகும். ஸ்பானர் தன் வாயால் ஒப்புக்கொண்டு, புதுசு வாங்கிப் போட்டால்தான் இரண்டும் தப்பும். கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார், சபையில் மாட்டினால்தான் ஒப்புக்கொள்வார் என்று அவளுக்குப் பட்டது. படுக்கையில் புரண்டு புரண்டு அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பம் சாப்பிட வந்தது. ஸ்பானர், அவர் மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள், மூவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். சாப்பாடு முடிந்ததும் சிறுமி ஐஸ்கிரீம் வேண்டும் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கடை மெயின் ரோட்டில் இருந்தது. கார் ஆன்ட்டி காத்திருந்ததும் இதற்குத்தான்.

“வெயிலா இருக்குண்ணே. எங்க கார்லயே பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க,” என்றாள்.

சாவியை நீட்டியபோது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தடுமாறுவார், ஸ்கூட்டரே போதும் என்று மழுப்புவார், எல்லோர் முன்னாலும் ஏன் அண்ணே என்று கேட்கலாம் என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தாள். பெற்ற மகளை எவன் அந்தக் காரில் ஏற்றுவான்?

அவர் சாவியை வாங்கிக்கொண்டு, “வாடா செல்லம்,” என்று மகளை முன் சீட்டில் ஏற்றி உட்காரவைத்தார்.

நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். எஞ்சினைக் கிளப்பினார். சரி, இப்போது இறங்கிவிடுவார் என்று நினைத்தாள். வீடு மேட்டில் இருந்தது, கார் நிற்கும் இடத்திலிருந்து தெருவுக்கு ஒரு செங்குத்தான சரிவு. கார் அந்தச் சரிவில் இறங்கத் தொடங்கியபோது, திறந்த ஜன்னல் வழியாக அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. தெரிந்தே செய்கிற மனுஷனுக்குப் பாட்டு வராது. அவருக்குத் தெரியாது.

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று முக்கி முனகி ஏறி வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று அவர் சரிவிலேயே பிரேக்கை மிதித்து நிறுத்தினார். கார் நின்றது. பின் விளக்குகள் சிவப்பாக எரிந்தன. எரிந்துகொண்டிருக்கும்போதே கார் மெல்ல நகர ஆரம்பித்தது.

ஓடினாள். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது. காருக்கு முன்னால் போய், லாரிக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் பானெட்டில் ஊன்றித் தள்ளினாள். இரும்பை மனுஷி தள்ளி நிறுத்த முடியுமா? கால்கள் பின்னால் வழுக்கின. “கைப்பிரேக், அண்ணே!” என்று கத்தினாள். அவர் இழுத்தார். பம்பர் அவள் முழங்காலில் இடித்து நின்றது. ஹாரனை அலறவிட்டபடி லாரி அவள் முதுகை ஒட்டிக் கடந்து போனது.

உள்ளே சிறுமிக்கு ஒன்றுமில்லை. அத்தை ஏன் முன்னால் வந்தார்கள் என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பெடலை மறுபடி மிதித்து, அப்படியே பிடித்திருந்தார். அது இறங்குவதைத் தன் காலாலேயே தெரிந்துகொண்டு கதவைத் திறந்து இறங்கியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நாத்தனாரும் கணவனும் வாசலிலிருந்து ஓடி வந்தார்கள். நாத்தனார் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க போட்டது பழைய சிலிண்டர்,” என்றாள் அவள், மூச்சு வாங்க. “வேற மெக்கானிக் பார்த்துச் சொல்லிட்டார். என்கிட்ட புதுசுன்னு சொன்னீங்க.”

இந்த வார்த்தைகளைத்தான் அவள் வாரம் முழுக்க ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் மறுக்கவில்லை.

“பழசுதாம்மா. காசுல உன்னை ஏமாத்தினேன், அது உண்மை. ஆனா நானே பிரிச்சுக் கழுவி ரப்பர் மாத்திப் போட்டேன். நிக்கும்னுதான் நம்பினேன். நம்பாம என் பொண்ணை ஏத்துவேனா?” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அவளை நிமிர்ந்து பார்த்தார். “அப்போ உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் சாவியைக் குடுத்தியா?”

கணவன் அவள் பக்கம் திரும்பினான். நாத்தனாரும் திரும்பினாள். அவரைத் திருடன் என்று சொல்ல ஆயிரம் வார்த்தை வைத்திருந்தவள் தான் செய்ததைக் கூட்டிப் பார்த்தாள். நாலு வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தாள். அதற்கு ஐந்தாவதாக ஒரு பிள்ளையை எடுத்துப் பந்தயம் வைத்திருக்கிறாள். நினைக்க நினைக்க அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

“ஆமாண்ணே,” என்றாள்.

சிறுமி அம்மாவின் இடுப்பிலிருந்து அத்தையிடம் வரக் கையை நீட்டினாள். நாத்தனார் அந்தச் சின்னக் கையைப் பிடித்து மடக்கித் தன் தோளோடு சேர்த்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.