பச்சை இலை ஒட்டிய பஸ்

கிழக்கு வெளுக்குமுன்பே அருள்தாஸ் ஷெட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்துவிட்டான். எண்ணெய்க் குச்சியை உருவி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தான். தார் போலக் கறுத்து ஒட்டியது. எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டுமென்று ஆயுத பூஜைக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். குச்சியைத் துடைத்துச் செருகி, ரேடியேட்டருக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றினான். மார்கழிப் பனியில் விரல்கள் விறைத்திருந்தன. சாவியைத் திருப்பியதும் பஸ் உடம்பெல்லாம் குலுங்கி இருமியது. பின்பக்கமிருந்து கரும்புகை பொதியாகக் கிளம்பி, ஷெட்டை ஒட்டி நின்ற முருங்கை மரத்தை மூடியது.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களின் பெண்களை ஏற்றிக்கொண்டு, பாலாற்றுப் பாலம் தாண்டி, வாலாஜாபாத் வழியாக ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்கும் பஸ் அது. சொந்தக்காரர் ஜெகன். தகப்பனாரின் நிலத்தில் ஒரு பகுதியை மேடாக்கி ஷெட் போட்டு, பழைய பஸ்களை வாங்கிக் கம்பெனிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பஸ்ஸின் பக்கவாட்டிலும் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை இலை ஒட்டியிருந்தது. பின்பக்கம் ஒட்டிய இலை மட்டும் ஒரு வாரத்துக்குள் கரியேறி மறைந்துபோனது.

புகையைக் குறைக்காத வண்டிகளுக்கு அடுத்த வருஷம் ஒப்பந்தம் கிடையாது என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதற்குப் பிறகுதான் இந்த இலை. கேஸில் ஓடும் வண்டி வாங்கலாம், இருக்கிற இன்ஜின்களையாவது பிரித்துச் சரிபார்க்கலாம். ஜெகன் இரண்டையும் செய்யவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே பஸ்ஸுக்கொரு கறுப்புப் பெட்டியை மாட்டிவைத்தார். சட்டென்று பிரேக் பிடித்தால் அது கத்தும். வேகமாகக் கிளப்பினால் கத்தும். நிற்கிற இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் ஜெகனுடைய போனில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளிகள் சேர்ந்தால் சம்பளத்தில் பிடித்தம், மேலும் சேர்ந்தால் டூட்டி கிடையாது.

பெட்டியை மாட்ட வந்த சென்னை இளைஞன் ஒரு மணிநேரம் பாடம் எடுத்தான். மெல்லக் கிளப்பி, ஒரே சீராக ஓட்டி, தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்தால் டீசலும் மிச்சமாகும், புகையும் குறையும் என்றான். அருள்தாஸுக்கு அது பிடித்திருந்தது. அவன் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் மெதுவாகப் போனால் நேரம் கூடுமே, ஷிப்டு நேரம் மாறுமா என்று எழுந்து கேட்டான். அந்த இளைஞன் ஜெகனைப் பார்த்தான். ஜெகன், பஸ் முன்னாடியே கிளம்பும் என்றார். ஃபில்டர் மாற்றுவதைப் பற்றி அருள்தாஸ் அடுத்துக் கேட்டதற்கு, முதலில் ஓட்டுகிற விதத்தை மாற்று என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து பெண்களின் தூக்கத்தில் ஒரு பங்கு போயிற்று. இருட்டில் உலை வைத்து, இருட்டில் குளித்து, ஈரத்தலையோடு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். யாராவது பிந்திவிட்டால் முன்பெல்லாம் அருள்தாஸ் நின்று ஏற்றிக்கொள்வான். இப்போது நின்றால் பெட்டி கத்தியது. ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்தால் மின்விசிறிகளும் நின்றன. தொழிற்சாலைக்குப் பிந்திப் போனாலோ அரை நாள் சம்பளம் போனது. உருட்டிக்கொண்டு போகிறாயே என்று பின்னாலிருந்து திட்டினார்கள். அழுத்தினால் பெட்டி திட்டியது. இரண்டுக்கும் நடுவில் அவனுக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டே இருந்தது. வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தான். களியாம்பூண்டி செங்கேணி என்ற பெண், தொழிற்சாலையில் வெகுகாலம் வேலை செய்தவள், ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, உனக்கு நாங்கள் மனுஷிகளா மூட்டைகளா என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவன் கியரைப் போட்டு வண்டியைக் கிளப்பினான். அதன்பின் அவள் அவனோடு பேசவில்லை.

அந்த வாரம் அவனுக்கு ஏற்கெனவே புள்ளிகள் சேர்ந்திருந்தன. இன்னொன்று விழுந்தால் டூட்டி போய்விடும் என்று ஜெகன் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை ஏரிக்கரை வளைவில் பனி வெள்ளைத் துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. வளைவு திரும்பியதும் நிறுத்தம். அங்கே ஏற வேண்டிய தேவயானி ரோட்டின் எதிர்ப்பக்கம் இருந்தாள். பஸ்ஸின் விளக்கைக் கண்டதும் சோற்றுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு குறுக்கே ஓடிவந்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். கால் பிரேக்குக்குப் போயிற்று. போன கால் முழுசாக அழுத்தவில்லை. பழகிய மாதிரி மெல்ல இறங்கியது. அது கண் சிமிட்டுகிற நேரம்தான். பிறகு அவன் அலறிக்கொண்டு மிதித்தபோது பஸ் ஏறக்குறைய நின்றிருந்தது, இன்ஜினும் அணைந்துபோயிற்று. அதற்குள் பம்பர் அவள் இடுப்பில் மோதித் தள்ளிவிட்டிருந்தது. சோறு ரோட்டில் சிதறிக் கிடந்தது. அவளுடைய வலது தொடை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

பெண்கள் அவளைத் தூக்கி ரோட்டோரத்தில் கிடத்தினார்கள். செங்கேணி தன் முந்தானையைக் கிழித்துக் காலைக் கட்டினாள். ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் அருள்தாஸ் பஸ்ஸைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். எந்தப் பள்ளத்தையும் பார்க்கவில்லை, எந்தத் திருப்பத்திலும் தயங்கவில்லை. வழியெல்லாம் பெட்டி ஓயாமல் கத்திக்கொண்டே வந்தது.

தேவயானி பிழைத்துக்கொண்டாள். தொடையில் கம்பி வைத்தார்கள். பழையபடி நடக்க எவ்வளவு காலமாகும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. போலீஸ் வழக்கு எழுதி, அருள்தாஸை ஜாமீனில் விட்டது. ஷெட்டுக்குப் போனபோது ஜெகன் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேராகக் காட்டினார். ஆஸ்பத்திரி வழி முழுக்கச் சிவப்பு. ஏரிக்கரை வளைவில் மட்டும் எதுவும் இல்லை.

"பாரு. இடிச்ச எடத்துல ஒரு புள்ளி கூட வுழல. அப்போ நீ பிரேக்கே புடிக்கல. பொட்டி பொய் சொல்லுமா?"

"புடிச்சேன் சார். நீங்க சொல்லிக் குடுத்தமாரி மெதுவா புடிச்சேன்."

"ஆளு குறுக்க வந்தா மெதுவா புடின்னு நான் சொன்னனா?"

அப்படி யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். இனி வர வேண்டாம், வழக்கையும் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஜெகன் உள்ளே போனார். டிரைவரின் கவனக்குறைவு என்று கம்பெனிக்கும் பெண்களுக்கும் தகவல் போயிற்று. அந்தத் தடத்தில் வேறொரு பஸ்ஸோடு ஐசக் என்ற டிரைவர் வந்தான். அவனுடைய பஸ்ஸிலும் இலை இருந்தது, பெட்டியும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் அருள்தாஸ் ஆஸ்பத்திரிக்குப் போனான். கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட். கட்டிலருகே தேவயானியின் அம்மா சொக்கம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நடவுக்குப் போகிறவள், மகளுக்காக வேலையை விட்டு வந்திருந்தாள். செங்கேணியும் அங்கே இருந்தாள். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பார்த்தது, கால் போனது, போன கால் முழுசாக மிதிக்காதது. சொக்கம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். செங்கேணி எழுந்து அவன் எதிரே வந்து நின்றாள்.

"பொண்ணு உயிரா, உன் டூட்டியா, எதுன்னு யோசிச்சிக்கினு இருந்தியா?"

"நான் யோசிக்கலம்மா. காலுதான் யோசிச்சுது. அத்த அப்பிடி பழக்கி வெச்சுட்டாங்க."

அதைச் சொல்லும்போது அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலில் படுத்திருந்த தேவயானி மெல்லப் பேசினாள். ஓடிவந்தது எதற்காக என்று யாரும் தன்னைக் கேட்கவில்லை என்றாள். அதற்கு முந்தின வாரம் இரண்டு எட்டு தூரத்தில் இருக்கும்போதே பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது. அன்றைய சம்பளம் போனதோடு, மறுநாள் தொழிற்சாலை லைனில் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கினாள்.

"நீ நிக்க மாட்டேன்னுதாண்ணா ஓடியாந்தேன்" என்றாள். "உன்னியும் அதான் வெரட்டிச்சு, என்னியும் அதான் வெரட்டிச்சு."

செங்கேணி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அருள்தாஸ் ரொட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வெளியேறினான். அவனை மன்னித்ததாக யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதல் செங்கேணி பஸ்ஸில் இதைப் பேசத் தொடங்கினாள். அது எளிதாக இல்லை. நம்ம பெண்ணை இடித்தவனுக்கு நாம் ஏன் பரிந்து பேச வேண்டும் என்றாள் பரிமளா. இன்னொருத்தி, கம்பெனிக்குத் தெரிந்தால் அடுத்த மாதம் நமக்கு வேலை இருக்காது என்றாள். சிலர் பேசவே விரும்பாமல் ஜன்னலில் சாய்ந்து தூங்கினார்கள். நாட்கள் ஓடின. செங்கேணிக்கே சலித்துப்போயிற்று. பின் சீட்டில் உட்கார்ந்தால் தரை ஓட்டை வழியாகப் புகை வந்து தொண்டையை அறுத்தது. வெளியே பச்சை இலையும் உள்ளே புகையுமாக இந்த பஸ்ஸில் எத்தனை காலம் போவது என்று நினைத்தால் அழுகை வரும்போல இருந்தது.

ஒருநாள் காலை மருதம் நிறுத்தத்தில் ஐசக் வண்டியை எடுத்த பிறகு அவள் பின்கண்ணாடியைப் பார்த்தாள். புகைக்குள் ஒருத்தி ஓடிவந்துகொண்டிருந்தாள். கர்ப்பிணி. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினாள். செங்கேணி எழுந்து முன்னால் போனாள்.

"நிறுத்து ஐசக்கு."

நின்றால் சிவப்பு விழும், ஏற்கெனவே நிறைய விழுந்திருக்கிறது என்று ஐசக் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"வுழட்டும். உன் பின்னால எத்தினி பேரு கீறோம்னு ஒரு தபா திரும்பிப் பாரு."

அவன் கண்ணாடியில் பார்த்தான். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்றிருந்தார்கள். பரிமளாவும் நின்றிருந்தாள். ஐசக் பஸ்ஸை ஓரம் கட்டினான். பெட்டி கத்தியது. அந்தக் கர்ப்பிணி வந்து சேர்ந்து, மூச்சு வாங்கிப் படியேறி உட்காரும்வரை அது கத்தட்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று அவர்கள் பிந்தித்தான் போனார்கள். எல்லோருக்கும் அரை நாள் போயிற்று. திரும்பி வரும்போது என்ன கேட்பது, எப்போது கேட்பது என்று முடிவாகியிருந்தது.

மறுநாள் விடிகிற நேரத்தில் அவர்கள் நிறுத்தங்களில் நிற்கவில்லை. நடந்தும், சைக்கிளிலும், அண்ணன் தம்பிகளின் வண்டிகளிலுமாக ஜெகனின் ஷெட்டுக்கு வந்தார்கள். ஐசக்கும் மற்ற டிரைவர்களும் சாவிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர்களோடு நின்றார்கள். ஜெகன் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். முதலில் டிரைவர்களைத் திட்டினார். பிறகு பெண்களிடம் தணிந்த குரலில் பேசினார்.

"புகை கொறையணும்னுதானேம்மா இவ்ளோ பாடுபடறேன். உங்க புள்ளைங்களுக்குத்தானே நல்ல காத்து. அது வாணாமா உங்களுக்கு?"

செங்கேணி முன்னால் வந்தாள்.

"எங்களுக்குத்தான் வேணும் சார். பின் சீட்டுல உக்காந்து முழுங்கறது நாங்கதான். மெதுவா ஓட்டட்டும், நல்லது. அந்த நேரத்த கம்பெனி குடுக்கட்டும், எங்க தூக்கத்துலர்ந்து எடுக்காதீங்க. இஞ்சின சரி பண்ணுங்க. ஒரு பஸ்ஸ கூட தொறந்து பாக்காம, டிரைவரு கால மட்டும் புடிச்சுக் கட்டினா புகை எப்பிடி கொறையும்?"

பெட்டி இருக்கட்டும், ஆனால் அதை வைத்துச் சம்பளம் பிடிக்கக் கூடாது, டூட்டியை வெட்டக் கூடாது என்றான் ஐசக். தேவயானியின் வைத்தியச் செலவை ஜெகனும் கம்பெனியும் ஏற்க வேண்டும், அருள்தாஸை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். இடித்தவனையா என்று ஜெகன் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை.

"அவுரு கால்மேல உங்க கால் இருந்துச்சு சார்" என்றாள் பரிமளா.

ஜெகனின் முகம் இறுகியது. வாலாஜாபாத்திலிருந்து வேறு பஸ்களை வரவழைக்கிறேன், வருகிறவர்கள் ஏறலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போனார். வெயில் ஏறியது. ஷிப்டு தொடங்கும் நேரம் கடந்தது. சிலர் மெல்ல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பயமில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள் இருந்தார்கள், குடிக்கிற புருஷனை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இருந்தார்கள்.

ஒரு பஸ் உண்மையாகவே வந்தது. முன்பின் தெரியாத டிரைவர். ஷெட் வாசலில் நிறுத்தி, எதற்காக எல்லோரும் வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டார். செங்கேணி அவரிடம் போய் ஏரிக்கரையிலிருந்து தொடங்கிச் சொன்னாள். அவர் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி கடைசிவரை கேட்டார். தன் வண்டியிலும் அடுத்த மாதம் அந்தப் பெட்டி வரப்போகிறது என்றார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவந்து ஐசக்கின் பக்கத்தில் நின்றார். உள்ளேயிருந்து ஜெகன் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருப்பது கேட்டது.

சற்று நேரத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வந்த டவுன் பஸ்ஸில் சொக்கம்மாள் வந்து இறங்கினாள். மகளை ஆஸ்பத்திரியில் தங்கை துணையில் விட்டு வந்திருந்தாள். பெண்கள் அவளுக்கு நிழலில் இடம் விட்டார்கள். உட்காரப் போனவள் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தாள். அங்கே புளியமரத்துக்குப் பின்னால், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் அருள்தாஸ் நின்றிருந்தான். விடிகாலையிலிருந்தே அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

சொக்கம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்து, தன் பக்கத்துத் தரையில் கிடந்த கற்களைக் கையால் ஒதுக்கித் தள்ளினாள்.

"அங்க இன்னா நின்னுக்கினு கீற" என்றாள். "இங்க வந்து எங்ககூட உக்காரு."