டயர் விளம்பரம்

பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றினாள் ரெய்துன். உதடு வெடித்திருந்தது. மூச்சு நின்றேவிட்டது என்று அவள் நிமிரும்போதெல்லாம் மறுபடியும் ஒன்றை இழுத்தார். மூன்று நாளாக இப்படித்தான். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில், சத்தமில்லாமல், இரண்டு பேர் யாருடைய சமையலறையையோ இடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அணைச்சுடேன்” என்றாள் ரெய்துன்.

“இருக்கட்டும்டீ” என்றாள் தாதி யோர்டிஸ். ரெய்துனோடு ஒரே வகுப்பில் படித்தவள். “உங்கப்பாவுக்கு இந்த சேனல்தான் உசுரு. வேற எதையாவது வச்சா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாரு, தெரியுமா?”

ரெய்துனுக்குத் தெரியும். இதே சேனலைப் பதினொரு வருடங்களுக்கு முன்னால் தன் வீட்டுக்குள் வராதபடி துண்டிக்கச் சொன்னவர் அப்பா ஒட்முன். மறதி நோய் முற்றி இந்த முதியோர் இல்லத்துக்கு வந்த பிறகு, துண்டித்ததையும் மறந்தார், ஏன் துண்டித்தோம் என்பதையும் மறந்தார்.

ரெய்துனின் தம்பி யூஸ்தெய்ன் அந்த வருடம் அந்தச் சேனலின் போட்டி ஒன்றில் கலந்துகொண்டிருந்தான். பத்துப் பேரை வடக்கே ஆளில்லாத தீவில் விட்டுவிடுவார்கள். வாரத்துக்கு ஒருவர் வெளியேற வேண்டும். ஊரே பார்த்தது. ஒட்முன் அப்போது பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஏறும் பிள்ளைகள் “யூஸ்தெய்ன் இன்னும் இருக்கானா?” என்று கேட்க, அவர் பெருமையாக ஹாரன் அடிப்பார். ஐந்தாவது வாரம், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, உனக்குப் பயமே கிடையாதா என்று யாரோ அவனைக் கேட்டார்கள்.

“எங்கப்பா பெல்ட்டைக் கழட்டுற சத்தம் கேட்டா இன்னைக்கும் பயம்தான்” என்றான் யூஸ்தெய்ன், சிரித்துக்கொண்டே. சிரிப்பு பாதியில் நின்றுபோனது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடனே விளம்பர இடைவேளை.

அம்மாவும் அப்பாவும் ரெய்துனும் சோபாவில் இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மீன்முட்டைக் கூழ் வந்தது, காப்பித்தூள் வந்தது, பிறகு பனிக்கால டயர்.

“அது நல்ல டயர்” என்றார் அப்பா.

அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாள் ஆஸ்லோவிலிருந்து சேனல்காரப் பெண் ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். மிகவும் மரியாதையானவள். குடும்பத்தின் தரப்பைச் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டாள். அப்பா வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. “தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே கதை கட்டுற பழக்கம்” என்றாள் ரெய்துன். அடுத்த வாரம் நிகழ்ச்சி முடிந்ததும் அந்த ஒரு வரி, அவள் பெயரோடு, திரையில் ஓடியது. தீவிலிருந்து வெளியேறிய யூஸ்தெய்ன் ஊருக்குத் திரும்பவில்லை. அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோதுகூட, தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு அடுத்த படகில் போய்விட்டான்.

இன்று காலைப் படகில் வந்திருந்தான். கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் நின்றான்.

“வந்துட்டியா.”

“படகு லேட்டு.”

“தாடியெல்லாம் வச்சிருக்க.”

“நீ கிழவியாயிட்ட.”

அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். அவன் உட்காரவில்லை. தொலைக்காட்சியின் மூலையில் இருந்த சேனல் முத்திரையைப் பார்த்தான்.

“இதையா பாக்குறாரு?”

“நாள் பூரா.”

“அடப்பாவி. கடைசில ரசிகராயிட்டாரா?”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. ரெய்துனுக்கு முதுகு வலித்தது, கண் எரிந்தது. காப்பி எடுத்து வருகிறேன் என்று நடைக்கூடத்துக்குப் போனாள். இயந்திரத்தில் பால் தீர்ந்திருந்தது. கறுப்பாகவே இரண்டு கோப்பை பிடித்துக்கொண்டு வந்தபோது, யூஸ்தெய்ன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“நின்னுடுச்சுன்னு நெனைக்கிறேன்” என்றான். “அறுபது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் இன்னொரு அறுபது.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.”

“மறுபடி இழுப்பாரோன்னு பயமா இருந்துச்சு.”

யோர்டிஸ் வந்து நாடி பார்த்தாள், நேரத்தைக் குறித்தாள், வழக்கப்படி ஜன்னலைத் திறந்தாள். மெழுகுவத்தி ஏற்றிவைத்தாள். குளிர்காற்று திரைச்சீலையைத் தூக்கியது. காப்பி ஆறிப்போனது.

சின்ன ஊர். போதகர் குன்வோர் அன்று மதியமே வந்துவிட்டாள். இல்லத்தின் விருந்தினர் அறையில் எதிரே உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தாள். இந்தப் பகுதிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. யூஸ்தெய்னின் முகம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

“அடக்க ஆராதனையில அவரைப் பத்தி நான் கொஞ்சம் பேசணும். ஊர்ல எல்லாரும் நல்லவிதமாத்தான் சொல்றாங்க. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு பிள்ளைக்குக் கீறல் பட்டதில்லையாம். வீட்டுல எப்படி? அப்பாவா எப்படி இருந்தாரு?”

யூஸ்தெய்ன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று ரெய்துனுக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லமாட்டான். இனி எப்போதும் சொல்லமாட்டான். அவளுக்கு மிகவும் களைப்பாக இருந்தது. பொய்யை இன்னொரு முறை தூக்கி நிறுத்த உடம்பில் தெம்பு இல்லை.

“அடிப்பாரு” என்றாள்.

குன்வோரின் பேனா நின்றது.

“என்னை இல்ல. இவனை. பின்னால துணி துவைக்கிற அறையில. நான் முன்னறையில உக்காந்திருப்பேன். டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவேன். அம்மாவும் ஒண்ணும் சொல்லமாட்டா. இவன் கதை எதுவும் கட்டல. நான்தான் கட்டினேன்.”

யூஸ்தெய்ன் திரும்பவில்லை. அவன் தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

குன்வோர் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, “இதுல நான் எதைச் சொல்லணும்? எதைச் சொல்லவேண்டாம்? நீங்க ரெண்டு பேரும் சொல்றதுதான்” என்றாள்.

“பஸ் ஓட்டினாருன்னு சொல்லுங்க” என்றான் யூஸ்தெய்ன், ஜன்னலைப் பார்த்தபடியே. “நல்லாத்தான் ஓட்டினாரு.”

“அன்பான அப்பான்னு?”

“அது வேண்டாம்.”

“வேண்டாம்” என்றாள் ரெய்துனும்.

குன்வோர் இரண்டு வரி எழுதிக்கொண்டு, இருவர் கையையும் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

வெளியே வந்தபோது நான்கு மணிகூட ஆகவில்லை, இருட்டத் தொடங்கியிருந்தது. ரெய்துனின் கார்க் கண்ணாடி முழுக்கப் பனி இறுகிக் கிடந்தது. யோர்டிஸ் கொடுத்தனுப்பிய பையைப் பின்னிருக்கையில் வைத்தாள். அதன் மேலாக அப்பாவின் கம்பளிக் கையுறை இருந்தது. யூஸ்தெய்ன் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்து அதை எடுத்து நீட்டினாள்.

அவன் கையுறையைப் பார்த்தான். வாங்கவில்லை.

“சுரண்டி எங்க?” என்றான்.

கதவு இடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் வெறுங்கையால் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தான். அவள் உள்ளே ஏறி இயந்திரத்தை ஓடவிட்டு, வெப்பத்தை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.