பக்கத்தில் இருக்கிறாள்

என் மனைவி துளசிமணி புதன்கிழமை முதல் மருத்துவமனையின் பக்கத்தில் இருக்கிறாள். பக்கத்தில் என்றால் அருகில் என்று பொருள் கொள்ள வேண்டாம். மருத்துவமனைக்கு முகநூலில் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் இருக்கிறாள்.

முழங்கால் வலிக்காக அவளை அழைத்துச் சென்றிருந்தேன். முகப்பில் இருந்த பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

“பதிவு போட்டுடலாங்களா?” என்று கேட்டாள்.

“போடும்மா” என்றேன்.

நான் புறநோயாளிச் சீட்டு என்று நினைத்தேன். அவள் துளசிமணியைச் சுவரோரமாக நிறுத்திப் படம் எடுத்தாள். எடுத்து முடித்தபோது சுவரோரம் யாரும் இல்லை. பிழை யாருடையது என்று சொல்வது கடினம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

“எங்கம்மா அவளைக் காணோம்?”

“பதிவுல இருக்காங்க. உள்ள போய்ப் பாருங்க.”

உள்ளே ஒரு நடைக்கூடம் இருந்தது. அதில் வரிசையாக அறைகள். ஒவ்வொரு பதிவும் ஓர் அறை. வாசலுக்கு அருகில் இருப்பது ஆகப் புதியது. புதிதாக ஒன்று போடும்போது வாசலோரம் ஓர் அறை முளைக்கும். மற்றவை எல்லாம் ஓர் அறைத் தொலைவு உள்ளே தள்ளிப்போகும். நடைக்கூடம் அவ்வளவுக்கு நீளும்.

துளசிமணி முதல் அறையில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஐந்து நிமிடம் பேசினோம். அதற்குள் கை கழுவும் நாள் வாழ்த்து வந்தது. அவள் இரண்டாம் அறைக்குப் போனாள். பிறகு ஓர் இரத்ததான முகாம் வந்தது. மூன்று டாக்டர்களுக்குப் பிறந்தநாள் வந்தது. நீரிழிவு விழிப்புணர்வுக் கோலப்போட்டிக்கு மட்டும் ஆறு அறைகள். மாலைக்குள் அவள் பன்னிரண்டாம் அறையில் இருந்தாள்.

செவிலியர் எப்சிபா ஒத்தடம் கொடுக்க வெந்நீரோடு நெடுந்தூரம் நடந்து வந்தார்.

“நாப்பதாவது அறை வரைக்குந்தான் விளக்கு இருக்குதுங்கய்யா” என்றார்.

“அதுக்கப்புறம்?”

“‘மேலும் காண்க’ன்னு ஒரு கதவு. அதை யாரும் தெறக்கறதில்லீங்க.”

“அந்தப் பக்கம் என்ன இருக்குது?”

“போன வருஷத்துப் பொங்கல் வாழ்த்து இருக்குது. ஒரு ஆம்புலன்ஸ் தொடக்க விழா இருக்குது. பெரியவர் ஒருத்தரும் இருக்காரு. பேரு எங்களுக்கு நெனப்பில்லீங்க.”

நான் பதறவில்லை. எந்த அலுவலகத்திலும் பேச வேண்டியவரிடம் பேசினால் காரியம் முடியும். மக்கள் தொடர்பு அலுவலரின் அறையைக் கேட்டுக்கொண்டு போனேன்.

மக்கள் தொடர்பு அலுவலர் ஒரு கொக்கு. ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருக்கிறார். கழுத்து நீளமாதலால் அடையாள அட்டை நன்கு தெரிந்தது. கணினியின் முன்னால் ஒற்றைக் காலில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்பட சம்சாரத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணுங்க” என்றேன்.

“தாராளமாப் போகலாங்க. நன்றிப் பதிவு ஒண்ணு குடுத்துட்டா அப்பவே அனுப்பிடுவோம்.”

அலகால் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். ‘நான் இன்ன வலியால் அவதிப்பட்டு இங்கு வந்தேன். இப்போது பூரண நலம். இங்குள்ள மருத்துவர்கள் தெய்வங்கள். மீண்டும் வருவேன்’ என்று அச்சிட்டிருந்தது. கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு.

“‘மீண்டும் வருவேன்’ எதுக்குங்க? இது ஆஸ்பத்திரியாச்சே.”

“துணிக்கடை பக்கத்துல பாத்து எடுத்ததுங்க. நல்லா ஓடிட்டு இருக்குது.” கொக்கு கழுத்தை ஒருமுறை மடித்து நிமிர்த்தினார். “மக்களோட இருக்கற தொடர்பு விட்டுப்போகக் கூடாதுல்லீங்களா.”

அதே எண்ணத்தில் வாசலிலும் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று ஒரு பலகை வைத்திருந்தார். வீடு திரும்புகிறவர்கள் அதைப் பார்த்துவிடக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு போவார்கள். இதுவரை நான்கு பேர் தூணில் மோதியிருக்கிறார்கள்.

மறுநாள் துளசிமணி இருபத்தாறாம் அறையில் இருந்தாள். படிவத்தை இரண்டு முறை படித்தாள்.

“எனக்கு வலி போயிருச்சுங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

“அது உனக்குத்தானே தெரியும்.”

“போகலீங்க.”

“கையெழுத்துப் போட்டுட்டா வீட்டுக்குப் போயிரலாம், துளசி.”

“ஏனுங்க, போகாத வலியைப் போச்சுன்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு இன்னொருத்தி இதைப் படிச்சுப்போட்டு நொண்டிட்டு வருவா. அவ காலுக்கு நான் பதில் சொல்ல முடியுங்களா?”

அவள் சொன்னது சரி. ஆகவே அவள் இருபத்தேழாம் அறைக்குப் போனாள்.

சொந்தபந்தங்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். சித்தோட்டிலிருந்து அவளுடைய தங்கை இரண்டு பஸ் மாறி வந்து விரலைக் காட்டிவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். அடுத்த வீட்டுச் சென்னியப்பன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். ஒரு கையில் பாட்டிலையும் மறு கையில் விரலையும் உயர்த்தினார். பிறகு பாட்டிலோடு கிளம்பினார்.

“ஹார்லிக்ஸுங்க?” என்றேன்.

“அது படத்துக்குங்க” என்றார்.

வெள்ளிக்கிழமைக் கணக்குப்படி நானூற்றுப் பன்னிரண்டு விரல்கள். துளசிமணி ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

சனிக்கிழமை அவள் முப்பத்தொன்பதாம் அறையில் இருந்தாள். அங்கே விளக்கு மங்கல். அடுத்த அறையைத் தாண்டினால் ‘மேலும் காண்க’ கதவு. இன்னும் இரண்டு பிறந்தநாள் வந்தால் போதும். அன்று மதியம் எலும்பு டாக்டருக்குப் பிறந்தநாள் என்று எப்சிபா சொல்லியிருந்தார். ஊசி போடும் பிரிவில் இரட்டையரும் இருந்தார்கள்.

“அந்தத் தாளைத் திருப்புங்க. நான் சொல்றதை எழுதுங்க” என்றாள் துளசிமணி.

படிவத்தின் பின்புறம் எழுதினேன். அவள் சொன்னது இது:

“எம்பட எடது கால் இன்னும் வலிக்குது. டாக்டர் நல்லவரு. ரெண்டு தடவை கையில தொட்டுப் பாத்தாரு. எப்சிபா சிஸ்டர் ஒத்தடம் குடுக்கறப்ப மட்டும் கொஞ்சம் தேவலை. இட்லி ஆறிப்போய் வருது. நானூத்திப் பன்னெண்டு பேரு வந்தீங்க. ஒருத்தரும் சாப்ட்டியான்னு கேக்கல.”

கொக்கு அதை ஒரு கண்ணால் படித்தார். பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணால் படித்தார்.

“பூரண நலம் எங்கீங்க?”

“இல்லீங்க.”

“தெய்வம்?”

“நல்லவருன்னு இருக்குதுங்க.”

“மீண்டும் வருவேன்?”

“வரமாட்டாளுங்க.”

அவர் தாளை அலகால் புரட்டிப் பார்த்தார். “இத்தனை வருஷத்துல பின்னால யாரும் எழுதிக் குடுத்ததில்லீங்க” என்றார். “எழுதக் கூடாதுன்னு விதியும் இல்லீங்க. அவங்க பதிவுலயே சேத்துடறேன்.” அலகால் ஒரு பொத்தானைத் தட்டினார்.

நான் முப்பத்தொன்பதாம் அறைக்குத் திரும்பினேன். துளசிமணி கட்டிலை விட்டு இறங்கிப் போய், அந்தக் கதவை விரல் மடக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, உள்ள ஆரோ இருக்கீங்களாமே. சாப்ட்டீங்களா?”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “இன்னும் இல்லீங்க.”

“பேரென்னங்க?”

“பண்ணாரிங்க.”

வெந்நீரோடு வந்திருந்த எப்சிபா அதை உடனே கையில் எழுதிக்கொண்டார். கதவின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

அவள் கட்டிலுக்குத் திரும்பியதும், பதிவைப் படித்துவிட்டுச் சென்னியப்பன் நடைக்கூடத்தில் ஓடி வந்தார். நிலைப்படியில் நிற்காமல் நேராக உள்ளே வந்தார்.

“ஏனுங்கக்கா, சாப்ட்டீங்களா?”

அறை ஒரு குலுக்கலோடு முப்பத்தெட்டாம் இடத்துக்கு நகர்ந்தது.

“எடது காலுங்களா? நான் வலதுன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே.”

முப்பத்தேழு.

“அப்பிடியே மாத்தியும் சொல்லீருங்க” என்றாள் துளசிமணி. “அந்த ஹார்லிக்ஸ் என்னாச்சு?”

“குடிச்சுப்போட்டனுங்க.”

தங்கை மீண்டும் இரண்டு பஸ் மாறி வந்தாள். எப்போதிருந்து வலி, படி ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்டாள். சமையற்காரர் கரண்டியோடு வந்து, “ஆறிப்போச்சுன்னு இத்தனை நாளா ஏன் தாயி சொல்லல?” என்றார். அறை நகர்ந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்திலேயே சாதாரண நடையில் நடந்து வந்தேன். எலும்பு டாக்டரும் இரட்டையரும் ஒரே நேரத்தில் பிறந்தார்கள். அதனால் எதுவும் ஆகவில்லை. அவர்களுக்கு வந்தவை விரல்கள் மட்டுமே. எங்களுக்குப் பின்னால் பண்ணாரியின் அறை தூசியோடு வந்துகொண்டிருந்தது. அவரிடம் யாரோ அவருடைய ஊரைக் கேட்டிருந்தார்கள்.

வாசலில் கொக்கு பலகையின் அருகே நின்றிருந்தார்.

“கேள்வி கேட்டா அறை முன்னால வருங்களா?” என்றேன்.

“ஆமாங்க. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான்.”

“முன்னமே சொல்லியிருக்கலாமே.”

“யாரும் கேக்கலீங்க.”

துளசிமணி என் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே கால் வைத்தாள். பிறகு திரும்பிக் கொக்கைப் பார்த்தாள்.

“நீங்க சாப்ட்டீங்களா?”

கொக்கு யோசித்தார். ஒன்பது ஆண்டுகளாகத் தூக்கி வைத்திருந்த காலை இறக்கித் தரையில் ஊன்றினார்.

“இல்லீங்கம்மா” என்றார்.

துளசிமணி என் கையிலிருந்த தூக்குப் போசியைத் திறந்தாள். அவர் ஆறிய இட்லி இரண்டை விழுங்கினார். அவை கழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதை நாங்கள் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அப்ப நாங்க போயிட்டு வ…” என்று தொடங்கினாள் துளசிமணி. நான் அவள் முழங்கையைத் தொட்டேன். “நாங்க போறமுங்க” என்று திருத்திக்கொண்டாள்.

கொக்கு பலகையை அலகால் கவ்வினார். எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். பிறகு தலையைத் தாழ்த்தி, எவரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் சொன்னார்.

“இனி இந்தப் பக்கம் வந்துடாதீங்கம்மா.”

என் மனைவியிடம் யாரும் இவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் கண்ணைத் திறந்தபடியே தூணைக் கடந்து மெதுவாக நடந்தோம். அவளுக்குக் கால் வலித்தது.