ஆண்டியப்ப மாஸ்டருக்கு எந்த இடம்

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டும் சேர மறுத்தன. சொர்ணவல்லி வேட்டிக் கரையைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தாள். அது வழுக்கிக்கொண்டே இருந்தது. வலது பெருவிரலில் நகம் கிடையாது. பட்டாளத்தில் இருந்தபோது வெறுங்காலோடு வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்துப் புட்பால் ஆடியதில் போனது என்று அவர் சொல்லுவார். அந்த விரலைப் பிடித்து இழுத்து, மற்றதோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். எலும்பு சொடக்கென்றது.

தலைமாட்டில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் அம்மா மருதாயி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. வந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோது தோளைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டு சற்றுக் கோணலாக இருக்கும். கல்யாணமான புதிதில் கிணற்றடியில் விழுந்ததாக ஊருக்குச் சொல்லியிருந்தாள்.

இறந்துபோன ஆண்டியப்பன் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் புட்பால் மாஸ்டர். பட்டாளத்திலிருந்து வந்து, பந்தைக் கண்டாலே ஒதுங்கிப் போகும் பையன்களைப் பிடித்து, திருச்சிக் கல்லூரிகளையும் மதராஸ் கல்லூரிகளையும் தோற்கடித்துக் கப்பு வாங்கியவர். கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். முந்தாநாள் சாயங்காலம் மைதானத்தில், கோல் காத்து நின்ற பையன் ஒரு பந்தை விட்டுவிட்டான் என்று அவன் முழங்கால் எலும்பிலேயே பிரம்பால் அடித்துக்கொண்டிருந்தார். பையன் கீழே விழுந்த பிறகும் அடித்தார். குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஐயனார் என்பவன் ஓடிவந்து பிரம்பைப் பிடித்தான். அவர் அவன் கன்னத்தில் அறைந்தார். அவன் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் தள்ளினான். பின்னால் தரையைச் சமன்படுத்தும் கல் உருளை கிடந்தது. மண்டை அதில் மோதிய சத்தம் கல்லூரி வாசல் வரைக்கும் கேட்டது என்றார்கள்.

கீரனூரில் புருஷன் வீட்டில் இருந்த சொர்ணவல்லிக்கு ஆள் வந்தது. பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறி வந்து சேர்ந்தவள், இன்று காலை மூச்சு அடங்கும் வரைக்கும் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை.

வாசல் பந்தலில் ஏட்டு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே அவளிடம் சொல்லிவிட்டார்.

"மைதானத்துல நின்ன நாலு பயலுகளும் மாஸ்டரு தானா விழுந்தாருங்கிறானுக. ஊரு வேற பேசுது. பாதிக்கப்பட்டவுக வீட்டுல ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. பாடிய ஆஸ்பத்திரியில அறுத்துப் பாக்கணும், அந்தப் பயல இழுத்துட்டுப் போகணும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் உள்ளே போய் மோர் கொண்டுவந்து நீட்டினாள். ஏட்டு மோரை வாங்கிக் குடித்துவிட்டு அப்படியே இருந்துவிட்டார்.

பந்தலில் பழைய ஆட்டக்காரர்கள் கூடியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், கப்பு வாங்கிய டீமுக்குக் கேப்டனாக இருந்த உடையப்பன். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அங்கிருந்த கடையை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவன். மறுநாள் கல்லூரியில் அனுதாபக் கூட்டம். அதில் என்ன பேசுவது என்பதில்தான் அவனுக்கும் சரித்திர லெக்சரருக்கும் பேச்சு வளர்ந்திருந்தது. சொர்ணவல்லிக்கு இடது காது கேட்காது. வலது காதைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

"தென்னாட்டுலயே இவருக்கு மேல ஒரு மாஸ்டர் இல்லைன்னு பிரின்ஸ்பால் சொல்லணும்," என்றான் உடையப்பன். "மதராஸுல யாரு இருக்கா, சொல்லுங்க. அங்க பூட்ஸ் இருக்கு, புல்லு இருக்கு. இங்க என்ன இருந்துச்சு? நெருஞ்சி முள்ளுதான் இருந்துச்சு."

"திருச்சிக் காலேஜுல பந்து சொல்லிக்குடுத்த பாதிரிச் சாமியார் இருந்தாரே," என்றார் லெக்சரர்.

"அவரு எத்தனை கப்பு வாங்குனாரு?"

"வாங்கலை. ஆனா அவர்கிட்ட ஆடினவன் எல்லாம் இன்னும் ஆடிக்கிட்டிருக்கான். ரயில்வேயில ஆடுறான், மில்லுல ஆடுறான். வயசானவன் தெருப் பையன்களோட ஆடுறான். நம்ம மாஸ்டர்கிட்ட ஆடினவங்க இத்தனை பேர் இங்க இருக்கீங்க. காலேஜை விட்டப்புறம் பந்தைத் தொட்டவர் யாரு?"

பறை அடிப்பவர்கள் தோலைச் சூடேற்றும் புகை உள்ளே வந்தது.

"ராசுவக் கேளுங்க," என்றான் உடையப்பன் கடைசியில்.

ராசு தூணில் சாய்ந்து நின்றிருந்தான். இடது கால் மடங்காது, கையில் கம்பு. திருச்சி பைனலில் முழங்கால் பிசகி வெளியே வந்தவனை, மாஸ்டர் கூட்டத்துக்கு முன்னால் அறைந்து, முதுகில் உதைத்து, திரும்ப உள்ளே அனுப்பினார். அவன் கோல் போட்டான். கப்பு வந்தது. கால் போனது.

"என்னத்தக் கேக்குறது," என்றான் ராசு. "அவரு அடிக்காட்டி அந்தக் கோல நான் போட்டிருக்க மாட்டேன். இப்ப மாடிப்படி ஏற முடியல. ரெண்டும் அவரு குடுத்ததுதான்."

"கேட்டீங்களா?" என்று உடையப்பன் லெக்சரரைப் பார்த்தான், வாதத்தில் ஜெயித்தவன் போல. லெக்சரர் தலையைக் குனிந்துகொண்டார்.

சொர்ணவல்லி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தத் திருச்சி பைனலுக்கு முன்னால் ஒரு நாள், பந்தின் உள்ளே இருக்கும் ரப்பர் பையை அவள் தெரியாமல் வெயிலில் வைத்துவிட்டாள். அது வெடித்துப்போயிற்று. அவர் கை ஓங்கியதுதான் அவளுக்கு ஞாபகம். அதற்குப் பிறகு இடது காதில் சீழ் வந்தது, பல நாள் ஒரு இரைச்சல் இருந்தது, பிறகு ஒன்றுமே கேட்காமல் போனது. கப்போடு ஊர்வலம் வந்த அன்று வாசலில் நின்று ஆரத்தி எடுத்தது அவள்தான். அவளுக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

வெளியே திடீரென்று பேச்சு நின்றது.

அவள் கதவுக்கு வந்தாள். தெருவில் ஐயனார் நின்றிருந்தான். ஒல்லியான பையன். கையில் வாடிய சம்பங்கி மாலை. கன்னத்தில் மாஸ்டரின் விரல்கள் பதிந்த இடம் இன்னும் நீலமாக இருந்தது.

"எங்கடா வந்த?" என்றான் உடையப்பன்.

"மாஸ்டரப் பாக்கணும்."

உடையப்பன்தான் முதலில் பாய்வான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு போனது ராசு. கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி அடித்தான். முதல் அடி தோளில் விழுந்தது; இரண்டாவது அடியில் பையனின் நெற்றி பிளந்தது. மாலை அறுந்து பூ சிதறியது. ஐயனார் முழங்காலிட்டு விழுந்தான். கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அதைப் பார்த்து ராசுவுக்கு இன்னும் வெறி வந்தது. முதுகில், விலாவில், கழுத்தில் என்று கண்மண் தெரியாமல் அடித்தான்.

"என் காலு போனப்பக்கூட நான் அவரத் தொடலடா," என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். "எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தானுக. நான் தொடல. நீ யாருடா? ஒனக்கு மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு?"

அதன் பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உடையப்பன் பையனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்க, இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். பந்து உதைக்கிற உதை, பழகிய கால். பையன் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் நூலாகத் தொங்கின. லெக்சரர் "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று சுற்றிச் சுற்றி வந்தார். ஏட்டு எழுந்து நின்றார். ஆனால் பெஞ்சை விட்டு நகரவில்லை.

சொர்ணவல்லி இறங்கி ஓடினாள். ஓடும்போதே நேற்று மத்தியானம் நடந்தது மனதில் வந்தது.

நேற்று மத்தியானம் அப்பாவுக்கு நினைவு வந்தது. அம்மா கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போயிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து, "அந்தப் பய எங்க?" என்றார். பிடித்துக்கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து அவள் வலது காதை அவர் வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். அவர் மெதுவாக, ஆனால் தெளிவாகப் பேசினார். "நல்லாத் தள்ளுனான். ரெண்டு கையும் ஒண்ணா வந்துச்சு. காலு ஊனி நின்னான், அசையல. அவன ஓரத்துல, லெப்ட் அவுட்டுல போட்டு வீணாக்கிட்டேன். நடுவுல நின்னு தடுக்குறவன், ஹாப்பேக்குல போடச் சொல்லு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மருதாயி என்றோ சொர்ணவல்லி என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா கஞ்சியோடு வந்து, "எதுனாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாள்.

பையனுக்கும் ராசுவுக்கும் நடுவில் அவள் விழுந்தபோது, ஓங்கிய கம்பு அவள் தோள்பட்டையில் இறங்கியது. கண் இருண்டது. ராசு கம்பைப் போட்டுவிட்டான்.

"அய்யோ ஆத்தா," என்றான். "ஒன்ன அடிச்சுட்டனே."

"எனக்குப் பழக்கந்தான்ணே," என்றாள் அவள்.

அவள் ஏட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டய்யா, எங்கப்பா கால் வழுக்கி விழுந்தாரு. ஒரு பய தள்ளல."

"நீங்க பாத்தீகளா?"

"எங்கிட்டச் சொன்னாரு. நேத்து மத்தியானம் நெனவு வந்தப்ப."

ஏட்டு சந்தேகமாக உதட்டைப் பிதுக்கினார். "வேற யாராச்சும் கேட்டாகளா?"

"எங்கிட்டயும் சொன்னாரு."

எல்லோரும் திரும்பினார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மருதாயி நின்றிருந்தாள். குரல் கரகரவென்று இருந்தது. "வழுக்கிருச்சுன்னுதான் சொன்னாரு. எங்க வீட்டுல யாரு மேலயும் பிராது இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

சொர்ணவல்லி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டாள்.

"நான்தான் தள்ளுனேன்," என்றான் ஐயனார் கீழே கிடந்தபடி. பல் ஒன்று ஆடியதால் வார்த்தை குழறியது. "ஏட்டய்யா, நான்தான்."

"அடிபட்ட மயக்கத்துல பேசுறான்," என்றாள் சொர்ணவல்லி. ஏட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

உடையப்பனுக்கு முகம் சிவந்திருந்தது. "தங்கச்சி, நீ செஞ்சது நியாயமில்ல. அப்பேர்ப்பட்ட மனுசன். அவரு பேருக்கு என்ன மரியாதை?"

"நாளைக்குக் காலேஜுல பேசுங்கண்ணே. அவரு மாதிரி யாரும் இல்லைன்னு சொல்லுங்க. நான் வேணாங்கல. இங்க வேணாம். இங்க இனிமே யாரும் யாரையும் அடிக்க வேணாம்."

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். அதைச் சாக்காக வைத்து ஆண்கள் கலைந்தார்கள்.

அவள் முந்தானையைக் கிழித்து ஐயனாரின் நெற்றியில் அழுத்தினாள். ரத்தம் அவள் விரல் இடுக்கில் சூடாக வந்தது.

"அக்கா, நான் வேணும்னு..."

"எந்த எடத்துல ஆடுற நீ?"

அவன் புரியாமல் விழித்தான். "லெப்ட் அவுட்டு."

"ஹாப்பேக்குல ஆடணுமாம்."

"யாரு சொன்னா?"

"அவருதான். நீ நல்லாத் தள்ளுனியாம்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். கேலி செய்கிறாளோ என்று தேடினான் போலிருக்கிறது. பிறகு அவன் உடம்பு முழுவதும் குலுங்க ஆரம்பித்தது. இத்தனை அடிக்கும் வராத அழுகை இப்போது வந்தது. மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு மாடு கத்துவது போலக் கத்தினான். அவள் அவன் தலையைத் தொடவில்லை. கிழிந்த முந்தானையை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது.

பாடை கிளம்பியது. பறை முழங்க, பழைய ஆட்டக்காரர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். பங்காளி மகன் ஒருவன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். மைதானத்தைச் சுற்றிக்கொண்டுதான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும் என்று உடையப்பன் சொன்னான், யாரும் மறுக்கவில்லை. ராசு கடைசியில் நொண்டிக்கொண்டு வந்தான். தெருவோரத்தில் சுவரைப் பிடித்து நின்றிருந்த ஐயனாரைக் கடக்கும்போது, திரும்பிப் பார்க்காமல், "மூஞ்சியக் கழுவுடா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சத்தம் தெருமுனை திரும்பிக் குறைந்துகொண்டே போயிற்று.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். மருதாயி கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு உள்ளே வந்தாள். சொர்ணவல்லி மாற்றுப் புடவையை எடுத்து நீட்டினாள். மருதாயி புடவையை மாற்றிக்கொண்டு, இன்னும் ஈரம் காயாத கூடத்தின் நடுவில் போய் நின்றாள். சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். பிறகு அங்கேயே, வெறுந்தரையில், காலை நன்றாக நீட்டிக்கொண்டு படுத்தாள். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

துக்கம் கேட்க வந்த ஊர்ப் பெண்கள் வாசலில் செருப்பில்லாத காலைக் கழுவிக்கொண்டு, அழுவதற்காக முந்தானையை எடுத்து வாயில் வைத்தார்கள். சொர்ணவல்லி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் விரலை வைத்து, கொஞ்சம் தள்ளி உட்காரும்படி அவர்களுக்குக் கையைக் காட்டினாள்.