ஐந்தாம் மாதத்து மீன்

மாதாப்பூரில் இருக்கும் அந்த மீன் கடையில் இளங்கோவன் அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி காஞ்சனாவுக்கு ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறையும் கரு மூன்று மாதம்கூடத் தாண்டவில்லை. வாரம் இரண்டு நாள் சால்மன் சாப்பிடலாம் என்று டாக்டர் கிரிஜா சொல்லியிருந்தார். அவர்கள் குடியிருந்த மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் அந்த மீன் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மெட்ரோ பிடித்து வந்துவிட்டான்.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று அலாஸ்கா கடலில் பிடித்து உறையவைத்தது, செக்கச்செவேல் என்று இருந்தது. மற்றது நார்வே பண்ணையில் வளர்ந்தது, கொழுப்பு வரி ஓடிய ஆரஞ்சுத் துண்டு. போனில் தேடினான். பண்ணை மீனுக்குத் தீவனத்தில் நிறம் சேர்க்கிறார்கள் என்றார் ஒருவர். குழந்தையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு அதில்தான் அதிகம் என்றார் இன்னொருவர். கடல் மீனில் புழு இருக்கும் என்றார் மூன்றாமவர். வெளியே போய் டீ வாங்கினான். பாதியைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே வந்தான்.

"ரெண்டும் அச்சா மால் சார். காய்கு இத்னா டென்ஷன், எதுக்கு இவ்ளோ யோசனை?" என்றார் கடைக்காரர், பாதித் தமிழும் பாதி உருதுவுமாக.

இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, காஞ்சனாவிடம் போனை நீட்டினான். "இதப் படிச்சுப் பாரு. எது சரின்னு உனக்குத் தோணுது?"

அவள் போனை வாங்கவில்லை. "போன தடவை நான் என்னென்ன சாப்பிட்டேன்னும் இப்படித்தான் தேடினீங்களா?"

தேடியிருந்தான். பப்பாளி, நண்டு, அமீர்பேட்டில் அவள் ஆசைப்பட்டுத் தின்ற பானிபூரி வரைக்கும்.

"ஆமா" என்றான்.

"எனக்குத் தெரியும். அப்பவே உங்க போன்ல பாத்தேன். நான் எதையோ தின்னுதான் போச்சுன்னு ஒரு வருஷமா நெனச்சிட்டு இருக்கேன்."

"ஐயோ, உன்னைக் குத்தம் சொல்லணும்னு தேடல காஞ்சனா. எதையாவது மாத்தினா அடுத்த தடவையாவது நிக்கும்னு… வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

அவள் டாக்டருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். "எந்த சால்மனா இருந்தாலும் சரிம்மா, நல்லா வேகவச்சுச் சாப்பிடு" என்றார் டாக்டர்.

"மேடம், முன்னாடி ரெண்டு தடவையும்… நான் சாப்பிட்டதுனால ஏதாவது?"

"இல்லவே இல்ல. யாரு உங்கிட்ட அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம்" என்றாள் காஞ்சனா. இளங்கோவன் தலை குனிந்தான்.

போனை வைத்த பிறகு அவள் மீன் பையைப் பிரித்தாள். கடல் மீன் ஃப்ரீசருக்குப் போனது. பண்ணை மீனில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவித் தோசைக்கல்லில் போட்டாள் காஞ்சனா. அவள் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அவன் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

"உக்காருங்க. பாத்தா எனக்கும் படபடங்குது."

உட்கார்ந்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் இடது கையை அவன் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு, இரண்டாவது துண்டைப் பிட்டாள்.