ஏழாம் பக்கத்து வயிற்று வலி

"சத்தமா படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றாள் மாமியார்.

மாமனார் பேப்பரை விரித்தார். முதல் பக்கம் முழுக்க ஒரு விளையாட்டு வீரனின் முழங்கால் வலி. நாடே கவலைப்படுகிறதாம்! நேற்று சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த சின்ன மருமகளுக்கு ஏழாம் பக்கத்தின் அடியில் நாலு வரி கிடைத்திருந்தது. தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த இளம்பெண் மனமுடைந்து தற்கொலை.

துக்கம் கேட்க வந்த தெருப் பெண்களால் கூடம் நிறைந்திருந்தது. மூத்த மருமகள் சுவரோரம் நின்றாள். வயிற்று வலியா? கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு அந்தப் பெண்ணுக்கு! கடைக்கு முதல் போட அப்பன் வீட்டில் வாங்கி வரவில்லை என்று கொழுந்தன் அடித்த அடியல்லவா அவளைக் கொன்றது?

பாழாய்ப்போன நிருபர் இந்த வீட்டுப் படிகூட ஏறவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதை எழுதிக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்குள் பெண் செத்தால் வயிற்று வலி என்று போடுவது பேப்பர்காரர்கள் வழக்கம்.

மூத்தவள் பக்கத்து வீட்டுத் தையல்காரியைத்தான் நம்பியிருந்தாள். போன வாரம் அலறல் தாங்காமல் சுவரைத் தட்டி, "டேய், உன் கை வெளங்காமப் போயிடும்டா!" என்று கத்தியவள் அவள். தையல்காரி பேப்பரை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். கண் கலங்கிவிட்டது.

"அடப் பாவமே! அதான் ராத்திரியெல்லாம் அப்படிக் கத்துச்சா? நாங்க என்னென்னமோ நெனச்சிட்டோமே!"

"நீங்கதானேக்கா சொவத்தத் தட்டுனீங்க?" என்றாள் மூத்தவள்.

"தட்டுனேன்தான். அதுக்காக? பேப்பர்லயே போட்டிருக்கான், பொய்யா போடுவான்?"

பயந்து சொல்லவில்லை அவள். நம்பித்தான் சொன்னாள். பேச்சு அதற்குள் முழங்காலுக்குத் தாவிவிட்டது. "பாவம், இனிமே ஆடுவானோ மாட்டானோ" என்று ஒருத்தி உச்சுக்கொட்டினாள்.

"என்ன வேடிக்கை? வந்தவங்களுக்குத் தண்ணி குடு" என்று அதட்டினான் மூத்தவளின் புருஷன். அதே கடையில் அவனும் கூட்டாளி. இனி அவர்கள் பணம் கேட்க மிச்சமிருப்பது மூத்தவளுடைய அப்பாதான். அம்மா வீட்டுக்கு ஓடலாம் என்றால், "அனுசரிச்சுப் போ" என்று அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

தண்ணீர் கொண்டுவந்தாள். ஒவ்வொருத்திக்கும் கொடுத்தாள். பிறகு உள்ளே போகாமல் கூடத்தின் நடுவே நின்றாள்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்கங்க. எனக்கு வயித்து வலி கிடையாது."

"ஏய்!" என்றான் புருஷன்.

"இன்னிக்கு வரைக்கும் வந்ததே இல்ல. நாளைக்கு எந்தப் பேப்பர்ல என்ன போட்டாலும் சரி, எனக்கு வயித்து வலி கிடையாது."