தமியானா எழுந்து போக வேண்டும்

1
இந்தக் கதை ஒரு கழிப்பறையில் பிறந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எகிப்தில் மினியா நகரத்துப் பக்கத்து எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களின் தேவாலயத்துக் கழிப்பறை இடிந்து வருடக்கணக்காகிறது. அங்கே ஒரு செங்கல் வைக்கவும் அரசாங்க மேலிடத்து அனுமதி வேண்டும். இன்னும் வரவில்லை. (எங்கள் பள்ளிவாசலுக்குப் போன வருடம் மாடி கட்டினோம். யாரையும் கேட்ட நினைவில்லை.)

முதலில், "நைல் நதியின் மேல் தெய்வீக ஒளி பரவிய அந்த..." என்று தொடங்கி அடித்துவிட்டேன். சர்க்கரை நோய்க்காரியான தமியானாவுக்கு மூன்று மணி நேரப் பூசையில் ஒளியா முக்கியம்?

2
ஞாயிறுதோறும் பூசையின் பாதியில் அவள் சந்து தாண்டி எதிர்வீட்டு முஸ்லிம் தோழி நபவிய்யாவிடம் ஓடுவாள்.

"என்னடி, உங்க பாதிரியார் இன்னும் முடிக்கலையா?"

"அவரு பாட ஆரம்பிச்சா நிறுத்துவாரா? வழிய விடுடி, அவசரம்!"

போன வாரம் வாசலில் நபவிய்யாவின் மகன் ஹில்மி நின்றான். "பெரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டையும் கோயிலாக்கிட்டோம்னு ஊர்ல பேசுறாங்க. பயமா இருக்கு."

தமியானா தூரத்திலிருக்கும் தன் வீட்டுக்கு நடந்தாள். திரும்பி வருவதற்குள் பூசை முடிந்துவிட்டதால் அன்று அவளுக்கு நற்கருணை கிடைக்கவில்லை. அதற்காக அவள் அழுதாள்.

(ஹில்மியை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவனைத் தோளில் தூக்கி வளர்த்ததே தமியானாதான்.)

3
முடிவு ஒன்று: அனுமதி வருகிறது, மணி முழங்குகிறது, ஊரே... எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு இரண்டு: நபவிய்யா சுவரை உடைத்துத் தன் கழிப்பறைக்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு வைக்கிறாள். "என் வீட்டுல கதவு வைக்க எவனைக் கேக்கணும்?" என்கிறாள். எழுதும்போது கண் கலங்கியது. பெருமையோடு தமியானா, நபவிய்யா இருவரிடமும் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றாள் தமியானா. "இவ செய்யக்கூடியவதான். இவளுக்கப்புறம் ஹில்மி மனசு வைக்கணும். அப்புறம் அவன் பொண்டாட்டி. நான் சாமி கும்பிட இன்னும் எத்தனை பேரு மனசு வைக்கணும்?"

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நபவிய்யா நிமிர்ந்தாள். "ஏண்டி, என் வீடு கசக்குதா?"

"உன் வீட்டுக்கு டீ குடிக்க வரணும்டி. இதுக்கா வரணும்?"

நபவிய்யா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து டீ போடப் போனாள். இவர்கள் இரண்டு பேரையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

4
அந்த முடிவையும் அடித்தாயிற்று. இன்று ஞாயிறு. பூசை பாதியில் இருக்கிறது. தமியானா பெஞ்சில் நெளிகிறாள். எதிரே நபவிய்யா கதவைத் திறந்து வைத்து நிற்கிறாள், பின்னால் ஹில்மி தலைகுனிந்து நிற்கிறான். எழுந்தால் அந்த வீடு, இல்லையென்றால் தன் வீடு. இங்கே, அவளுடைய சொந்தக் கோயிலில், இடமில்லை.

என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை. நீங்களே சொல்லுங்கள். ஆனால் மேலிடம் மாதிரி யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். அவளால் ரொம்ப நேரம் அடக்க முடியாது.